எட்டு வரியும் ஒரு வாய்ச் சோறும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் வீதி முனையில் இருந்த இளைஞர் நிலையத்துக்கு அவள் சனிக்கிழமைதோறும் கணக்குப் படிக்கப் போனாள். கணக்குப் படிக்கப் போகிறவள் கண்ணுக்கு மை தீட்டுவாளா? எனக்குச் சந்தேகம். அம்மாவுக்கு என்னைவிடச் சந்தேகம். அதனால் என்னையும் சேர்த்து அனுப்பினார்.

"சும்மா கூடப் போ. கண்ணை மட்டும் திறந்து வைச்சிரு."

அங்கே கணக்கும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. எத்தியோப்பியப் பெடியன் ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அம்ஹாரிக் மொழியில் ராப் பாடினான். பின்னால் அவர்கள் ஊர்ப் பழைய பாட்டொன்றின் சக்ஸபோன் துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. அவன் நிறுத்திய இடத்தில் அக்கா தமிழில் தொடங்கினாள். எட்டே வரி. வீட்டில் கூப்பிட்டால் 'ம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அக்கா, அங்கே வெட்டி வெட்டிப் பாடினாள். அடுத்த மாதம் வீதிவிழாவில் மேடையேறுகிறார்களாம். அம்மாவிடம் தானே சொல்வாளாம், நான் வாயைத் திறக்கக் கூடாதாம். காதைத் திருகியபடி சொன்னாள். ஓம் என்று தலையாட்டினேன். சத்தியமாக, சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை அதைக் கண்டேன். பயிற்சி முடிந்து எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி இருந்தார்கள். அந்தப் பெடியன் புளித்த அப்பம் மாதிரியான ரொட்டியில் கறியைச் சுருட்டி அக்காவின் வாயில் வைத்தான். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஐயோ! மாப்பிள்ளை பொம்பிளைக்கு வாயில் ஊட்டித் தீத்துவதைக் கலியாண வீட்டில் பார்த்திருக்கிறேன். வளர்ந்த ஒருத்தருக்கு வேறு யாரும் தீத்தி நான் கண்டதில்லை. ஆகவே கலியாணம் முடிந்துவிட்டது, எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பை நிறுத்தினார்.

"என்னடி பாத்தனி?"

"அவன் அக்காவுக்குத் தீத்தினவன். அவளும் வாயைத் திறந்தவள்."

அன்றோடு அக்காவின் சனிக்கிழமைகள் முடிந்தன. "அம்மா, அது அவையின்ர பழக்கம். எல்லாருக்கும் தீத்துவினம்" என்று அழுதழுது சொன்னாள். யார் நம்பினது? நானே நம்பவில்லை.

விழா அன்று, ஆளை நேரில் பார்க்க வேண்டுமென்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவன் பாடினான். அக்காவின் இடம் வந்ததும் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினான். எட்டு வரி நேரம் வெறும் இசை மட்டும் ஓடியது. சனம் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றது.

பாட்டு முடிந்ததும் அவனுடைய தாய் தங்கள் சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்தார். யார், எவர் என்று கேளாமல் அம்மாவின் வாயில் ஒரு சுருளைத் திணித்தார். பிறகு எனக்கு. பிறகு பக்கத்தில் நின்ற பொலிஸ்காரருக்கும்! வந்தவர்களுக்குத் தீத்தாமல் விடமாட்டோம் என்று ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தார். அம்மா மென்றபடியே என்னைப் பார்த்தார். நல்ல ருசி. நான் இன்னொன்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோற்றையும் மீன்குழம்பையும் குழைத்து உருட்டி, அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாயைத் திற, பிள்ளை. அடுத்த முறை நீயும் பாடலாம்."

அக்கா வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கை அப்படியே நின்றது. குழம்பு முழங்கைவரை வழிந்தது. ஏன் வீணாக்க வேணும் என்று நான் 'ஆ' காட்டி அதை வாங்கிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பசியில்லை என்றுதான் நினைத்தேன்.