சல்மாவிடம் கேளுங்கள்

முதலில் ஒரு கீறல்தான். மாசியில் எங்கள் வீட்டு வேலியோரம் படர்ந்திருந்த பிளாக்பெரிக் கொடியை வெட்டும்போது இடது கெண்டைக்காலில் முள் கிழித்தது. கழுவினேன், பிளாஸ்டர் ஒட்டினேன், மறந்துவிட்டேன். மறுநாள் காலை கீறலைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. மத்தியானம் நடுக்கக் காய்ச்சல். மாலைக்குள் அந்தச் சிவப்பு ஊதாவாகி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீறலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வலி. இதை வாசிப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்: காயம் சிறிதாகவும் வலி பெரிதாகவும் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் அதற்கு நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ் (தோலுக்கடியிலுள்ள திசுக்களை வேகமாக அழிக்கும் கிருமித்தொற்று) என்று பெயர் சொன்னார்கள். அறுவை மருத்துவர் நாற்காலியை என் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காலைக் காப்பாற்றப் பார்த்தால் உங்களை இழக்க நேரலாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். உங்களுக்குச் சம்மதமா?”

நான் கணவர் சிவாவைப் பார்த்தேன். “நீர் உயிரோட இருந்தாப் போதும்,” என்றார். சம்மதித்தேன்.

பிறகு வந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அழுதேன், தூங்கினேன், திரும்பவும் அழுதேன். இல்லாத பெருவிரல் அரித்தது. இதை மாய உணர்வு (துண்டிக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நம்புவது) என்கிறார்கள். “எவடத்தில சொறியிறது எண்டு சொல்லும், சொறிஞ்சு விடுறன்,” என்று சிவா போர்வையின் வெறுமையான பக்கத்தில் சொறிந்தார். அறுவைக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான். அரிப்பும் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது.

செயற்கைக்கால் பொருத்தும் நிலையத்தில் எனக்கு நடைப்பயிற்சி தந்தவர் மீனா. மதுரைக்காரப் பெண். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே ஒரே கூடம். நான் இருபக்கத்துக் கைப்பிடிக் கம்பிகளையும் இறுகப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, சுவரோர நீள வாங்கில் உட்கார்ந்து ஒரு சிறுமி காலாட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தாள். ஆட்டியது செயற்கைக்கால்.

அவள்தான் சல்மா. பத்து வயது. காஸாவில் வீட்டின் மீது குண்டு விழுந்து வலது காலை இழந்தவள். எகிப்து வழியாகத் தாயோடு, எங்கள் நகரின் தெற்கே ஒடாஹுஹுவில் இருக்கும் மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அவளுடையது சில மாதப் பழக்கம்தான். ஆனால் பள்ளி மைதானத்தில் பொறுக்கியது என்பதால் என்னுடையதைவிட உயிரோடு இருந்தது. அதை என் தமிழில் எழுதுகிறேன்.

“நீங்கள் ஆமை மாதிரி நடக்கிறீங்கள்,” என்றாள்.

“விழுந்திடுவன் எண்டு பயமா இருக்கு.”

“அப்ப முதல்ல விழப் பழகுங்கோ.” இறங்கி வந்து மெத்தைமீது பக்கவாட்டில் சரிந்து விழுந்து, உருண்டு, எழுந்து நின்று காட்டினாள்.

“அவ சொல்றது சரிதான் அக்கா,” என்றார் மீனா. “விழத் தெரிஞ்சுட்டா பயம் பாதி போயிடும். வாங்க, நான் பிடிச்சுக்கறேன்.”

விழுந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில், மூட்டை சரிவதுபோல. சல்மாவின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் மெத்தையில் கிடந்தபடியே சிரித்தேன்.

அந்தத் தாயும் நானும் அதிகம் கதைத்ததில்லை, பொதுமொழி இல்லை. ஒருநாள் நோயாளியை ஏற்றிவந்த ஹெலிகொப்டர் கூரைக்கு மேலே தாழப் பறந்தது. இருவரும் ஒரே கணத்தில் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் வளர்ந்தவள். அதை அவருக்கு எந்த மொழியிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலத்தில் சல்மா நொண்டத் தொடங்கினாள். எலும்பு மிகைவளர்ச்சி (வளரும் குழந்தைகளுக்கு, வெட்டிய எலும்பின் நுனி மறுபடி வளர்ந்து உள்ளிருந்து தோலைக் குத்துவது). மறுபடி அறுவை செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு அறுவை செய்யும் நரைத்த தாடிக்கார மருத்துவர் நிலையத்துக்கே வந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தாய்க்கு விளக்கினார். தாய் தலையசைத்தார். சல்மா காலைக் கழற்றி மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, “வரமாட்டன்,” என்றாள். அரபியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

காஸாவில் நடந்த முதல் அறுவையின்போது மயக்க மருந்து போதவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் போய் அவளருகே உட்கார்ந்தேன். அவளே கேட்டாள்.

“உங்கட காலை எடுக்க முதல் உங்களைக் கேட்டவையோ?”

“ஓம். கேட்டவை.”

“என்னை ஒருத்தரும் கேட்கேல்லை. அங்கயும் கேட்கேல்லை, இங்கயும் கேட்கேல்லை.”

குழந்தை உரிமைகள் என்று பேசுகிற கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். உணவு, பள்ளி, பாதுகாப்பு என்று கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். தன் உடலுக்கு என்ன நடக்கப்போகிறது என்று கேட்கப்படுவதும் அதில் ஒன்று என்பது அன்று அந்த வாங்கில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

“சல்மாவிடம் கேளுங்கள்.”

“அம்மா சம்மதித்துவிட்டாரே…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு வந்து அவள்முன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “உன்னிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், சல்மா. இப்போது கேட்கலாமா?”

அவள் யோசித்தாள். “நான் முழிச்சிருப்பனோ?”

“இல்லை. நீ நன்றாகத் தூங்கிய பிறகுதான் தொடுவேன்.”

“இடையில மருந்து முடிஞ்சு போனால்?”

“நீயே வந்து பார்,” என்றார் அவர். அடுத்த வாரம் அறுவைக் கூடத்தின் பக்கத்து அறைக்கு அவளை அழைத்துச் சென்றார். “இவவும் வரவேணும்,” என்று அவள் அடம்பிடித்ததால், தாயோடும் மொழிபெயர்ப்பாளரோடும் நானும் போனேன். அலமாரிக் கதவை அவர் திறந்தார். தட்டுத் தட்டாக மயக்க மருந்துக் குப்பிகள். சல்மா மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை மெதுவாகப் பார்த்தாள்.

“இவ்வளவும் எனக்கோ?”

“உனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவும்.”

“அப்ப மிச்சத்தைக் காஸாவுக்கு அனுப்புங்கோவன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சல்மாவோ அதற்குள் அங்கிருந்த மயக்க மருந்து முகமூடியைக் கையிலெடுத்து முகர்ந்து, ஸ்ட்ராபெரி வாசனை மட்டும்தானா, சொக்லேட் இல்லையா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். அதன் பிறகுதான், “சரி, செய்யுங்கோ,” என்றாள்.

அறுவை நன்றாக நடந்தது. கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “பசிக்குது.”

மருந்து அனுப்புவது எங்கள் கையில் இல்லை. ஆனால் குழந்தைகளுக்குச் செயற்கைக்கால் சீக்கிரம் சிறிதாகிவிடும். சொக்கெட் (வெட்டிய காலின் நுனியை ஏந்தும் கிண்ணம்) ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தாது. மற்றபடி பாதத்தையும், அதைக் கிண்ணத்தோடு இணைக்கும் குழாயையும் சோதித்துவிட்டு இன்னொரு குழந்தைக்குப் பொருத்தலாம். நான் வேலை செய்வது சரக்கு அனுப்பும் நிறுவனத்தில். பெட்டிகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதுதான் என் தொழில். சிறிதாகிப்போன கால்களைத் தரும்படி மீனா மற்றக் குடும்பங்களிடம் கேட்டார். நகரின் மேற்கே ஹென்டர்சனிலிருந்தும் தெற்கிலிருந்தும் சின்னச் சின்னப் பாதங்கள் வந்து எங்கள் கார் கராஜில் வரிசையாக நின்றன.

அந்தப் பாதங்களில் விரல்களும் நகங்களும் நிஜம்போலவே வார்க்கப்பட்டிருக்கும். சல்மா நகப்பூச்சுக் குப்பிகளோடு வந்து ரோஸ் நிறத்தைத் திறந்தாள்.

“பையன்களுக்கும் போகுமே?” என்றார் சிவா.

“அப்ப பச்சை,” என்று வேறு குப்பியைத் திறந்தாள்.

பெட்டி காஸாவுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. பல வாரம் காத்திருந்து, அங்கிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் ஜோர்தான் மருத்துவமனைக்கு அனுப்பினோம். சல்மாவுக்கு ஆத்திரம். “என்ர சிநேகிதி இன்னும் அங்க கூடாரத்திலதான் இருக்கிறாள். காலுக்கு ஏன் அனுமதி?” வாழ்நாள் முழுக்க அனுமதிகளோடு புழங்கியவள் நான். இரண்டாவது பெட்டியைக் கட்டத் தொடங்கினோம். காஸாவுக்கான அனுமதியை இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் பெட்டி போய்ச் சேர்ந்தபின் ஒரு படம் வந்தது. முன்பல் விழுந்த ஒரு பையன் செருப்புக் காலை நீட்டி நிற்கிறான். பச்சை நகங்கள். வெட்கமே இல்லாத சிரிப்பு.

என் போன்ற ஒருவர் இதை எங்காவது கட்டிலில் படுத்தபடி வாசிக்கக்கூடும். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் என் காலத்தை அந்த முள் இரண்டாக வெட்டியிருந்தது: காலிருந்த காலம், இல்லாத காலம். உடல் அப்படி ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை என்பதை மெல்லத்தான் அறிந்தேன்.

போன வாரம் நிலையத்தில் எங்கள் இருவரையும் அடுத்தடுத்து அளந்தார்கள். என் கால் நுனி இன்னும் சுருங்கியிருக்கிறது. உள்ளே ஒரு காலுறை கூடுதலாகப் போட வேண்டுமாம். சல்மா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள். மீனா குனிந்து பார்த்து, மறுபடி பார்த்து, “கால் குட்டையாயிடுச்சுடி!” என்று தமிழிலேயே கத்தினார். சல்மாவுக்கு மொழி புரியவில்லை, தான் வளர்ந்துவிட்ட விஷயம் புரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தபடி கூடம் முழுக்க ஓடினாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.