ராஜா குந்தின பலகை

மாமனார் வீட்டுப் பின்கட்டில் ஒரு பலகை மேடை இருந்தது. நாலு கல்தூண்கள் மேல், இடுப்பளவு உயரத்தில், கனத்த பலகைகளை நெருக்கி அடித்துப் போட்டது. பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். கோடையில் அந்த வீட்டில் கொஞ்சமாவது காற்று வந்த இடம் அது ஒன்றுதான். மாமனார் அதில் உட்காருவார். அவருடைய மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை கொண்டு வருகிறவர்கள் உட்காருவார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவன்கூட வந்து உட்காருவான். நான் மட்டும் உட்காரக் கூடாது. நான் மருமகள்.

காரணம் கேட்டால் சரித்திரம் வரும். செஞ்சிக் கோட்டையில் ராஜா கொலுவிருந்த மண்டபத்துப் பலகைகளாம் அவை. மாமனாரின் தாத்தா ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மலை இறங்கினாராம். செஞ்சியில் இந்த வியாதி ஒரு வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற கல், ராணி குளித்த கல். எதிர்வீட்டு மாட்டுத்தொட்டி, பட்டத்துக் குதிரை தண்ணீர் குடித்த தொட்டி. அப்படி எங்கள் தெருவில் மட்டும் ஆறு தொட்டிகள். அந்தக் குதிரை தண்ணீர் குடித்து முடித்து எப்போது சண்டைக்குப் போனதோ!

"ராஜா குந்தின எடம்மா இது. தளவானூர்ல பொறந்தவ ஏறி குந்தலாமா?" என்பார் மாமனார்.

எங்கள் தளவானூரில் பல்லவர் குடைந்த குகைக்கோயிலே இருக்கிறது. மழை வந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு அதில் ஒதுங்கி வளர்ந்தவள் நான். ஒரு நாளாவது அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேனா? பீற்றியிருக்க வேண்டும், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி மூன்று கோடை அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முறத்தால் விசிறிக்கொண்டு கிடந்தேன். ஒரே ஒரு சாயங்காலம் அந்த மேடையில் காலை நீட்டி உட்கார வேண்டும். அப்போது எனக்கு இருந்த பெரிய ஆசை அவ்வளவுதான்.

அறுபதுகளின் நடுவில், அந்த மூன்றாவது கோடையில், கோட்டையைப் பார்த்துக் கணக்கெடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். மாமனார் பஸ் ஸ்டாண்டிலேயே அவரைப் பிடித்து, அடுத்த வாரம் வீட்டுக்கு வரும்படி அழைத்துவிட்டார். ராஜா பலகைதான் என்று அவர் கைப்பட ஒரு கடுதாசி வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டிவிட வேண்டுமாம். அதற்காக மேடைக்குக் கறுப்பு வார்னிஷ் அடிக்க ஆள் வந்தான். வந்தவன் பலகையை நகத்தால் கீறிப் பார்த்தான்.

"இருவது வருஷத்து எண்ணெப் பிசுக்கு. இதும் மேல அடிச்சா தோல் உரியறாப்ல உரிஞ்சிகினு வந்துடும். நல்லா தேச்சிக் கழுவி, ரெண்டு நாள் காயவச்சிட்டு சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டான்.

தேய்க்கிற வேலை யாருக்கு? ஏறக் கூடாதவள் இப்போது ஏறலாமாம், கையில் தேங்காய் நார் இருந்தால்!

வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் தேய்த்தேன். மை போல இறங்கியது அழுக்கு. பலகை இடுக்குகளில் இருந்த மல்லாட்டைத் தோலையும் வெற்றிலைக் காம்பையும் ஈர்க்குச்சியால் நோண்டினேன். முழங்கால் தோல் போனது. நாலாவது பலகையில் உப்புத்தாள் போட்டபோது மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. இன்னும் தேய்த்தால் எழுத்து. இங்கிலீஷ் எழுத்து. நான் எட்டாங்கிளாஸ் வரை படித்தது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சவுண்ட் ஹாரன் ப்ளீஸ்.' லாரி முதுகில் எழுதுகிற வாசகம்.

அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தால் மாமனார் அந்தப் பலகையைப் பார்த்தபடி நிற்கிறார்.

"இன்னா பாத்த?"

"ராஜா ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்காரு மாமா."

முகம் செத்துப் போயிற்று. வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாத. அந்தப் பலகைக்கு மட்டும் மூணு கோட்டு அடிக்கச் சொல்லு" என்றார். மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் காக்கையையும் கோழியையும் விரட்டிக் காயவைத்தேன். மூன்று கோட்டு ஏறியது. மேடை பளபளவென்று, நிஜமாகவே ராஜா வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

ஆபீசர் வந்தார். தெருவே வந்தது. மாமனார் கொலுமண்டபத்தில் ஆரம்பித்துத் தாத்தாவின் தோள்வரை மூச்சுவிடாமல் சொன்னார். ஆபீசர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டையில் செருகினார்.

"ரொம்ப சந்தோஷம் பெரியவரே. கோட்டைப் பொருள் எல்லாம் சர்க்கார் சொத்து. வீட்ல வெச்சிக்கக் கூடாது. நாளைக்கு ஆள் அனுப்பறேன், கழட்டிக் கொடுத்துடுங்க. உங்க தாத்தா எப்படி எடுத்தாருன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுடுங்க."

மாமனாருக்கு வேர்த்துவிட்டது. "சார், சும்மா பேச்சுக்குச் சொன்னது சார். எங்க தாத்தா மலையே ஏறனதில்ல சார்."

"கேட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. இது வேற பலகைன்னு அத்தாட்சி இருக்கா?"

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா... அத கொஞ்சம் சொரண்டும்மா" என்றார்.

"எத மாமா?"

"அந்த நாலாவது பலகைய."

"ராஜா குந்தின எடமாச்சே. நான் ஏறலாமா?"

"ஏறும்மா தாயே! ஏறி குந்து!"

தெருவே கேட்டது. உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டு ஏறினேன். மூன்று கோட்டு வார்னிஷையும் அவசரமில்லாமல் சுரண்டினேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. ஆபீசர் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோட்டில் எழுதிய பக்கத்தைக் கிழித்தார்.

"என் லாரி சார் அது. மொதமொதல்ல வாங்கினது. ஓட்ட முடியல, நொடிச்சுப் போச்சு. உடைக்கக் கொடுத்துட்டு பலகைய மட்டும் எடுத்தாந்தேன்" என்றார் மாமனார், தலையைத் தூக்காமல். அந்த வீட்டில் நான் அவர் வாயால் கேட்ட முதல் நிஜக் கதை. எனக்கே ஐயோ பாவம் என்றிருந்தது. இதைச் சொல்லியிருந்தாலே ஊர் மதித்திருக்குமே.

ஆபீசர் போனார். தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது. மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. நான் காலை நீட்டிக்கொண்டேன். மாமனார் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். குந்தச் சொன்னவர் அவர்தானே. நான் இறங்கவில்லை. அவர் உள்ளே போய், அடுப்படிச் சுவரில் சாய்ந்து, என் முறத்தை எடுத்து விசிறிக்கொண்டார்.