நாற்காலி அக்காவின் யானை

மூடிவிட்ட கம்பெனியின் சாமான்களை வேனில் ஏற்றுவதற்கு முன்னால் நாற்காலி அக்கா ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வாள். நேராக முதலாளியின் அறைக்குள் போவாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய சுழல் நாற்காலியில் சப்பணமிட்டு உட்காருவாள். மேஜை விளிம்பில் கையை வைத்து ஓர் உந்து உந்தி, முழுசாக ஒரு சுற்று சுற்றுவாள். சுவர், ஜன்னல், வாயைப் பிளந்து நிற்கும் முதலாளி, மறுபடி சுவர். நாற்காலி நின்றதும் இறங்கி, "நல்லா உழைச்ச நாற்காலி சார். நல்ல இடத்துக்குத்தான் போகும்" என்பாள்.

எதற்கு இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால், சக்கரமும் தண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வாள். சுத்தப் பொய். அவளுக்குச் சுற்றப் பிடிக்கும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் உத்தரவு போட்ட நாற்காலியில் அரை நிமிடம் உட்கார்ந்து தலை கிறுகிறுக்க இறங்குவது அவளுக்குச் சர்க்கரை தின்ற மாதிரி.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதையே கூத்து. ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தாள். அது படுத்துவிட்டது. கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக நாற்காலிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் அந்த நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க அழுதாள். கணவன் வாடகை வேன் ஓட்டுகிறவன். கூடவே இருந்த நாத்தனாருக்கு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் வேலை. அழுகையைக் கேட்டுச் சலித்த நாத்தனார் நாற்காலிகளைத் துடைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, பளபளவென்று வாசலில் வரிசையாக வைத்தாள். அடுத்த தெருவில் புதிதாக ஆபீஸ் திறந்தவன் வந்து மொத்தத்தையும் வாங்கிப் போய்விட்டான்.

அன்றைக்கு அவளுக்கு ஞானம் பிறந்தது. ஒருத்தன் விழுவான், ஒருத்தன் எழுவான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேன் இருந்தால் போதும், காலம் ஓடிவிடும்.

ஓடியது. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். டூர் கம்பெனி விழுந்தது, அதன் நாற்காலிகளில் பங்குச் சந்தைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பங்குச் சந்தைக்காரர்கள் விழுந்தார்கள், கணினி வகுப்புக்காரர்கள் உட்கார்ந்தார்கள். உட்காருகிறவர்கள் மாறினார்கள், நாற்காலி மாறவில்லை. மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்பதுதான் கணக்கு. "ஒன்று, இரண்டு விற்பதில்லை" என்று கடை வாசலில் பலகையே தொங்கியது.

இந்த ஓட்டத்தின் நடுவே வந்து சேர்ந்ததுதான் யானை.

அது ஒரு மீட்டிங் மேஜை. முட்டை வடிவம், கரும்பழுப்பு நிறம், அடியில் இரும்புக் கால். ஆட்கள் ஒரு படையாக வந்தால்தான் அசையும். எந்தக் கம்பெனி கொஞ்சம் நிமிர்ந்தாலும் முதலாளிக்கு இப்படி ஒரு மேஜை மேல் ஆசை வந்துவிடும். அக்காவிடம் வருவார், வாங்குவார். கொஞ்ச காலம் அதைச் சுற்றி உட்கார்ந்து பெரிது பெரிதாகப் பேசுவார்கள். அப்புறம் ஒருநாள் தொலைபேசி மணி அடிக்கும். "அக்கா, அந்த மேஜை..." இவள் வேனோடு போய்த் திருப்பிக்கொண்டு வருவாள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை வாங்கினவனைச் சாய்த்துவிட்டுத் தான் மட்டும் சாகாமல் வரும்.

வாங்கும்போது அக்கா மேஜைக்கு அடியில் குனிந்து விரலால் தட்டுவாள். உதட்டைப் பிதுக்குவாள். "உள்ள வெறும் மரத்தூள் சார். மேல ஒட்டினது. என்னத்தச் சொல்றது போங்க." விற்கும்போது அதே மேஜையின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. "ஒரே தேக்கு சார். ஒட்டே கிடையாது. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்." ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டும் பாடிப் பாடி, கடைசியில் எது உண்மை என்பது அவளுக்கே மறந்துவிட்டது. மறந்ததுகூட அவளுக்குத் தெரியாது. வியாபாரத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

கடைசியாக யானையை வாங்கியவர் மனை விற்கும் கம்பெனி முதலாளி. அவருடைய கம்பெனி மூடிய அன்று அக்கா வழக்கம்போல் ஒரு சுற்று சுற்றி இறங்கினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. மேஜையைத் தடவிக்கொண்டே நின்றார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி இருந்தது. "நல்ல இடமாப் பார்த்துக் கொடுங்க மேடம்" என்றார். மரத்தூள் பாட்டைக்கூட அன்றைக்கு அக்கா பாடவில்லை.

அது நல்ல காலம், நல்லது மிஞ்சிப்போன காலம். காலையில் ஒரு கம்பெனி, சாயந்திரம் ஒரு கம்பெனி என்று ஊரே ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி வேனிலிருந்து இறங்குவதற்குள் விலை போயிற்று. அக்காவுக்கு மூன்று கடை, இரண்டு கிடங்கு. தலைகால் புரியவில்லை. கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்து "தலைமை அலுவலகம்" என்று எழுதி வைத்தாள். அந்த அலுவலகத்துக்கு ஒரு மேஜை வேண்டுமல்லவா?

"யானை நமக்கே இருக்கட்டும்" என்றாள்.

நாத்தனார் பாலிஷ் துணியைக் கீழே போட்டாள். "அண்ணி, விளையாடாதீங்க. அது போன எடமெல்லாம் என்ன ஆச்சுன்னு நம்மளவிட யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்கெல்லாம் யாவாரம் தெரியாது, விழுந்தாங்க. நாம அவங்க விழுறதுலயே பொழைக்கிறவங்கடி. நாம எங்க விழப் போறோம்?"

"யானையக் கட்டித் தீனி போட நம்மால ஆகுமா? மாடி வாடகை, புதுக் கிடங்கு, இதுக்கு மேல இது வேறயா?"

"குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டியே பழகிட்ட. அதான் பயப்படுற."

யானை படியேறவில்லை. ஜன்னலை இடித்து, கயிறு கட்டி இழுத்தார்கள். தெருவே கூடி நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நாத்தனார் தன் பாலிஷ் டப்பாவையும் திருப்புளிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகைக்குக் குடிபோனதை யாரும் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். கூப்பிடவில்லை. வீம்பு.

அப்புறம் அவள் யானையின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். கணவன் மறுகோடியில். அங்கிருந்து பேசினால் இங்கே கேட்காது. தேநீர் வேண்டுமா என்று கேட்க அவனுக்கு செல்போனில் அடிப்பாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து, "வேணாம்" என்பான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மேஜையில் ஓங்கித் தட்டி, "ஒரே தேக்கு" என்றாள். தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் சொன்னாள். விற்கிற உத்தேசமே இல்லாமல் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அதாவது, நம்பிவிட்டாள்.

பிறகு காற்று திசை மாறியது. எங்கோ ஒரு பெரிய வங்கி இருமியது, ஊருக்கே காய்ச்சல் வந்தது. ஒரு கம்பெனி மூடியது. பக்கத்துக் கம்பெனி மூடியது. பிறகு தெருத் தெருவாக மூடின. வேறு யாராக இருந்தாலும் வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா துள்ளிக் குதித்தாள். அவளுக்கு வீழ்ச்சி என்றால் அறுவடை. "என்னங்க, வேனை எடுங்க! மலிஞ்சு கிடக்கு!" கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள், கேட்காத விலைக்கும் கொடுத்தார்கள். எடுத்துப் போனால் போதும் என்று சும்மாவும் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சுற்று. ஒருநாள் சுற்றிச் சுற்றி மயக்கமே வந்துவிட்டது. இன்னொரு கிடங்கு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நாற்காலி மேல் நாற்காலி, கால் மேல் காலாக, கூரை வரைக்கும்.

ஊரிலுள்ள நாற்காலியெல்லாம் அவளிடம். உட்காரத்தான் ஆளில்லை.

தொழில் கற்றுக்கொண்ட முதல் நாளே கற்ற பாடத்தில் பாதியை மறந்துவிட்டாள். ஒருத்தன் விழுந்தால் போதாது, இன்னொருத்தன் எழவும் வேண்டும். எல்லோரும் சேர்ந்து படுத்துக்கொண்டால் வேனை எங்கே ஓட்டுவது? கிடங்கு வாடகை ஏறியது. ஒவ்வொரு கடையாகப் போனது. முதல் கடையும் மாடியும் நாற்காலி அடைத்த கிடங்குகளும்தான் மிச்சம். கட்டடச் சொந்தக்காரர் நல்ல மனிதர், அதனால் திட்டவில்லை. மாதக் கடைசிக்குள் பாக்கி வராவிட்டால் காலி செய்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா யானையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். பழைய சாமான் எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். ஊரில் அந்தத் தொழில் செய்கிறவள் அவள் ஒருத்திதான். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

படியில் செருப்புச் சத்தம். நாத்தனார். பின்னால் அவளைக் கூட்டிவந்த அண்ணன், குற்றவாளி மாதிரி வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

"எந்திரிங்க அண்ணி" என்று நாத்தனார் கையைக் காட்டினாள். அக்கா எழுந்தாள். நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, யானையின் விளிம்பில் கையை வைத்து உந்தினாள். ஒரு சுற்று. இடித்த ஜன்னல், சுவர், வாயைப் பிளந்து நிற்கும் அக்கா, மறுபடி ஜன்னல்.

"நல்லா உழைச்ச நாற்காலி" என்றாள்.

அக்காவுக்குப் பொட்டென்று கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை காலமாக எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். கேட்கிற பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அழாதீங்க. விலை பேச வரல. என் கொட்டகைக்கு தினமும் ஆள் வருது, தெரியுமா? வேலை போனவங்க. ஒருத்தி வீட்லயே கணக்கு எழுதறா. ஒருத்தர் பாடம் எடுக்கறாரு. ஒருத்தர் கைக்கடிகாரம் ரிப்பேர். எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, மூலையில போட்டுக்க."

"நம்ம கடையில ஒண்ணு ரெண்டு..."

"விக்கறதில்ல, அதானே? அந்தப் பலகையக் கழட்டிட்டுத்தான் மாடி ஏறி வந்தேன். நாற்காலி உங்ககிட்ட மலை மாதிரி இருக்கு. மேஜைதான் இல்ல." யானையைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ரம்பத்தை எடுத்தாள். "மொத வெட்டு நீங்க வெட்டணும். வெட்டினா நான் திரும்பி வர்றேன். இல்லேன்னா இப்பவே கிளம்பறேன்."

"ஐயோ, தேக்குடி! ஒரே தேக்கு! இத அறுக்கச் சொல்றியே, பாவி!"

"அறுத்துத்தான் பாருங்களேன்."

அக்கா கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். யானையைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். அந்த மேஜையில்லாமல் இருந்துவிடலாம், இவளில்லாமல் இருந்து பார்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை வைத்து இழுத்தாள்.

பொலபொலவென்று உதிர்ந்தது. மாவு மாதிரி. குனிந்து பார்த்தாள். மேலே காகிதக் கனத்துக்குத் தேக்கு. உள்ளே அமுக்கிய மரத்தூள்.

அக்காவின் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நிற்கவில்லை. நாற்காலியில் விழுந்தாள், அது தானாகச் சுற்றியது, சுற்றிக்கொண்டே சிரித்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"பாலிஷ் போடறவளுக்குத் தெரியாதா? ஓரம் பேந்தப்பல்லாம் ஒட்டினது யாரு?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"நீங்க தட்டித் தட்டி சொல்றப்ப அவ்ளோ அழகா இருக்கும் அண்ணி. எனக்கே தேக்குதான்னு தோணிடும்."

யானை சின்னச் சின்ன மேஜைகளானது. நாத்தனார் ஓரம் ஒட்டினாள், அக்கா கால் முடுக்கினாள், கணவன் ஒன்றொன்றாக வீடுகளில் இறக்கினான். மேஜையோடு ஒரு நாற்காலி. கிடங்கு மெல்ல மெல்ல மூச்சு விட்டது. மாத வாடகையோடு கொஞ்சம் பாக்கியும் தீர்ந்தது, மீதிக்குக் கட்டடச் சொந்தக்காரர் தவணை கொடுத்தார். மாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள், கடை தங்கியது.

ஒருநாள் காலை மனை விற்ற முதலாளி வந்தார். டை இல்லை, காரும் இல்லை. வீட்டிலிருந்தே வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறாராம். ஒரு மேஜை வேண்டும். வாசலோரம் இருந்ததைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன மரம் மேடம்?"

அக்காவின் உள்ளங்கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. பாதியில் நின்றது. "மரத்தூள் சார். மேல ஒட்டினது. ஆனா நிக்கும்."

"பரவாயில்ல. நமக்கு இப்ப இது போதும்." அவர் இன்னொரு தடவை தடவினார். பெருமூச்சு விட்டார். "எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது மேஜை! கை வெச்சாலே தெரியும், ஒரே தேக்குன்னு. இதையெல்லாம் அதுகூட ஒப்பிட முடியுமா?"

கடைக்குள்ளே பாலிஷ் டப்பா உருளும் சத்தம் கேட்டது. நாத்தனார் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் குந்திவிட்டாள். தோள்பட்டை குலுங்குவது மட்டும் தெரிந்தது.

அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவ்வளவுதான்.

"முடியாது சார்" என்றாள். "அது மாதிரி இனிமே வராது."