மனு எழுதுபவர் வைத்த பரீட்சை

அரியலூர்ப் பள்ளிக்கூடத்தில் நான் முதல் மாணவன். அதில் என் மூளையின் பங்கு கொஞ்சம், நாக்கின் பங்குதான் அதிகம். சரித்திரம், கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் தமிழில் நடத்தினார்கள். இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டும். அதையும் தமிழில் அர்த்தம் சொல்லி உருப்போட வைத்தார்கள். போட்ட உருவை அப்படியே கக்கினால் மார்க்கு வந்துவிடும். இந்தப் பெருமையை நம்பி எங்கள் ஊரே எனக்கு மாலை போட்டுத் திருச்சிக்கு ரயிலேற்றியது. யுத்த காலம். பட்டாளத்துக்காரர்கள் அடைத்துக்கொண்டு நின்ற பெட்டியில், என் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து, ஏதோ ஜில்லாவையே ஆளப் போகிறவனைப் போலப் போனேன்.

கல்லூரியில், இன்டர்மீடியட் முதல் வருஷத்தில், எல்லாமே இங்கிலீஷ். விரிவுரையாளர்கள் வருவார்கள், பழுப்பேறிய காகிதக் கட்டைப் பிரிப்பார்கள், தலை நிமிராமல் படிப்பார்கள், மணி அடித்ததும் போய்விடுவார்கள். எதிரே இருப்பது மாணவர்களா புளிமூட்டைகளா என்று அவர்களுக்குக் கவலையில்லை. என்னைப் பொறுத்தவரை அவர்கள் கவலைப்படாததும் நியாயம்தான். டவுன் பையன்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவர்கள் எழுதினால் நானும் எழுதுவேன். மற்ற நேரத்தில் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியமும் விளங்கவில்லை.

முதல் டெர்ம் பரீட்சைக்குக் கந்தக அமிலம் தயாரிக்கும் விதத்தை ஒரு புள்ளி பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தேன். கேள்வித்தாளில் அந்தப் பெயரைக் கண்டதும் பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்த்தேன். கேட்டிருந்தது தயாரிப்பை அல்ல, அதன் உபயோகங்களை. பூஜ்யம் போட்டார்கள். மற்றப் பாடங்களும் அதே லட்சணம். அரையாண்டுப் பரீட்சையிலும் தேறாதவன் இரண்டாம் வருஷத்துக்குப் போக முடியாது என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“பாடம் ஒண்ணும் புரியலப்பா. இங்கிலீசுக்கு ஒரு டியூசன் வச்சி விடுங்க. இல்லன்னா பெயிலாயிடுவேன்.”

“மொத ஆளா வந்த பயலுக்கே புரியலன்னா மத்தவனுக்கு எப்படிறா புரியும்?” என்றார் அப்பா. அவருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. கோளாறு என்னிடமா, கல்லூரியிடமா என்று தீர்மானிக்க அவரால் முடியவில்லை. அதனால் பெரம்பலூருக்கு ஆள் அனுப்பினார்.

அங்கே மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு என்றால் அவரிடம்தான் ஓடுவார்கள். அவருடைய இங்கிலீஷைப் படித்து வெள்ளைக்காரத் துரையே அசந்துபோனதாகப் பேச்சு. எதனால் அசந்தார் என்று யாரும் விசாரித்ததில்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கினார். கோழி அடித்துப் போட்டோம். ஏப்பம் விட்டு, வெற்றிலையும் போட்ட பிறகு, பங்காளிகள் பாதிப்பேர் கூடியிருந்த கூடத்தில் என்னை எதிரே நிறுத்தினார். இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார்.

விளங்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் போதும், டியூஷன் கிடைத்திருக்கும். ஆனால் சித்தப்பாக்களும் மாமன்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானங்கெட்ட நாக்கு தானாக அவிழ்ந்துகொண்டது. கந்தக அமிலம் தயாரிக்கும் விதத்தை, பூஜ்யம் வாங்கிய அதே விடையை, மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

மனு எழுதுபவர் முதலில் தலையை ஆட்டினார். பிறகு திருதிருவென்று விழித்தார். அந்த முழி எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் நான் விழித்துக்கொண்டிருந்தது அதே முழிதான். நான் நிறுத்தியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“ஃபஸ்ட் கிளாஸுங்க! இவனுக்குச் சொல்லிக் குடுக்கத் திருச்சியில ஆளே கெடையாது.”

கூடமே பூரித்துப்போனது. எனக்கும் ஒரு நிமிஷம் ஆனந்தமாகத்தான் இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். “டியூசன்னு சொல்லிட்டு டவுன்ல ஊர் சுத்தவாடா பாத்த? ஒழுங்கா படி, போ.”

அரையாண்டுப் பரீட்சையிலும் மண்ணைக் கவ்வினேன். அப்பாவுக்குக் கோபம் என் மேல் வரவில்லை, கல்லூரி மேல் வந்தது. ஃபஸ்ட் கிளாஸ் பயலை வேண்டுமென்றே பெயிலாக்கிவிட்டார்கள் என்று மனு எழுதுபவரையும் இழுத்துக்கொண்டு திருச்சிக்கு வந்துவிட்டார். மூவருமாகப் பிரின்சிபால் முன்னால் போய் நின்றோம். மனு எழுதுபவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினார். பிரின்சிபால் பதிலுக்கு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அத்துடன் நம் வித்வானுக்குத் தன் குடையின் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. அதையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிரின்சிபால் பொறுமைசாலி. அந்த வருஷத்தில் நான் பார்த்தவர்களில் என்னால் பழிக்க முடியாத ஒரே மனிதர். என் பக்கம் திரும்பி, தமிழில் நிதானமாகக் கேட்டார்.

“தம்பி, கிளாஸ்ல நடத்துறது உனக்குப் புரியுதா? புரியலைன்னா தைரியமா சொல்லு. சாயங்காலத்துல சொல்லிக் கொடுக்க நானே ஒருத்தரை ஏற்பாடு பண்றேன், ரெண்டாம் வருஷத்துக்கும் அனுப்புறேன். புரிஞ்சும் நீ படிக்கலைன்னா, இந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.”

கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்ற ஒரு சொல் போதும். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு எழுதுபவரும் குடையை விட்டுவிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கெஞ்சல் தெரிந்தது.

“யெஸ் சார்” என்றேன்.

பிரின்சிபால் பேனாவை எடுத்து, திரும்பப் படிக்கட்டும் என்று எழுதிவிட்டார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அப்பா மனு எழுதுபவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“வருசம் போனாப் போவுதுங்க. அவரு தமிழ்ல கேக்குறாரு, எம் மவன் இங்கிலீசுலயே பதில் சொன்னான், பாத்தீங்களா?”