திறப்பு விழாவுக்கு மறுநாள்

எதைத் திறக்கிறோம் என்றே எழுதாத திறப்பு விழா அழைப்பிதழை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன்!

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் கமிட்டித் தலைவர் முனியாண்டி அண்ணன் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் கொடுத்தார். வார நாட்களில் ஈப்போவில் லாரி ஓட்டுகிறவர், ஞாயிறானால் தலைவர். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதி. மேலே பிள்ளையார். நடுவில் தலைமை விருந்தினர் வைபி – எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரை அப்படித்தான் சொல்வோம். கீழே குத்துவிளக்கு ஏற்றுபவர் முதல் நன்றியுரை சொல்பவர் வரை பெயர்கள், பெயர்கள், பெயர்கள். 'திறப்பு விழா' என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் வரிசையாகப் புள்ளிகள்.

"அண்ணே, என்னத்தைத் திறக்கிறோம்?"

"அது அப்புறம் போட்டுக்கலாம்லா தங்கச்சி. நீ பத்திரிகையில எழுதுற புள்ள, பிழை இருக்கான்னு மட்டும் பாரு."

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியது இல்லை.

எங்கள் தோட்டத்தில் பாதியை விற்றாகிவிட்டது. மீதிப் பாதியில்தான் இன்னும் பால் வெட்டு நடக்கிறது. லயங்கள் – தொழிலாளர்களின் வரிசை வீடுகள் – எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், பள்ளத்தில். புதிய குழாய் போட அரசாங்க உதவி உண்டு என்று கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அதிகாரி வருவார். எங்கே, என்ன வேண்டும் என்று கமிட்டி ஒரே குரலில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உதவி வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

போன வருடம் அப்படித்தான் போனது. காரணம்? மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்ற சண்டை!

அந்தச் சண்டையால் நஷ்டப்பட்டவர் மேட்டு லயத்து அஞ்சலை அக்கா. எங்கள் பக்கத்து வீடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே பள்ளத்துக்கு இறங்கி, வாளி வரிசையில் நின்று, தண்ணீரோடு மேடு ஏறி, சோறாக்கி வைத்துவிட்டு ஓடினாலும் பெரட்டு முடிந்திருக்கும். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. அதற்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. இன்னொரு முறை பிந்தினால் அவருடைய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு பிற்பகல் தமிழ்ப் பள்ளியில் கமிட்டிக் கூட்டம். பத்திரிகைக்கு எழுதுவது ஓய்வு நேரத்தில்; நான் ஈப்போவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் டெக்னீஷியன். ஒரு வேலையை எப்படித் தொடங்குவது என்று படித்தவள். பசாருக்குக்கூடப் பட்டியலோடு போகிறவள். சும்மா இருப்பேனா? கரும்பலகையில் எழுதினேன் – நோக்கம், எல்லை, பொறுப்பு, காலம்.

"அடேய், தங்கச்சி பரீட்சை வைக்குதுடா!" என்றார் செயலாளர் சின்னையா அண்ணன். சிரிப்பில் பெஞ்சுகள் அதிர்ந்தன.

அவ்வளவுதான். பேச்சு விழாவுக்குத் திரும்பிவிட்டது. குழாய் கோயிலுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்றார் தலைவர். அங்கேதான் பந்தல் போட இடம், போட்டோவும் நன்றாக விழும். இல்லை, திடலில்தான் என்றார் செயலாளர். அங்கேதான் கூட்டம் கொள்ளும். லயம் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை!

எனக்கு ஒரு யோசனை. பலகையை அழித்தேன். பெரிதாக 'திறப்பு விழா' என்று எழுதினேன்.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"சரி அண்ணே, விழாவையே பேசுவோம். வைபி வந்துட்டாரு, பைப்பைத் திறந்துட்டாரு. கை தட்டியாச்சு, சாப்பாடும் போட்டாச்சு. வைபி காரு ஏறிப் போயிட்டாரு. மறுநாள் காலையில அதே பைப்பை யாரு திறக்கிறது?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"நான்தான்!" பின்னால் சுவரோரம் நின்ற அஞ்சலை அக்காவின் குரல். "ஆனா கோயிலு வரைக்கும் நடந்துதான் திறக்கணும்னா, இப்ப இருக்கிற பைப்பே போதும்லா. அதுக்கு எதுக்கு மாலை, மேளம்?"

அடுத்த நொடி பள்ளிக்கூடமே பேச ஆரம்பித்தது!

"ஆமாலா, ஒவ்வொரு லயத்து முனையிலயும் ஒண்ணு வேணும்."

"கீழ சிமெண்டு போடுங்க. இல்லாட்டி ரெண்டே நாள்ல சேறு."

"தண்ணி ஓட லொங்காங் யாரு வெட்டுறது? வைபியா?"

என் சாக்கட்டி உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினேன். நோக்கம், எல்லை என்று நான் கெஞ்சிக் கேட்டபோது வராததெல்லாம் இப்போது கொட்டியது. வேலையின் கடைசி நாளை எல்லோரும் கற்பனை செய்கிறோம் – மாலையும் கையுமாக. அதற்கு அடுத்த நாளை யார் நினைக்கிறோம்? வீடு கட்டுகிறவர்களே, கடை போடுகிறவர்களே, சங்கம் தொடங்குகிறவர்களே... முதல் கடப்பாரையைத் தூக்கும் முன் அந்த அடுத்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

முனியாண்டி அண்ணனுக்கு இன்னும் ஒரு கவலை. "அப்ப இந்தக் கார்டுல உள்ள பேருங்க?" அழைப்பிதழைச் சொன்னார்.

"ஒண்ணுகூட எடுக்க வேணாம் அண்ணே. ஆளுக்கு ஒரு வேலை. குத்துவிளக்கு ஏத்துறவரு மேட்டு லயத்துக்குப் பள்ளம் தோண்டுறாரு. வரவேற்புரை, லொங்காங்."

"அப்ப நன்றியுரை?" சின்னையா அண்ணன் சந்தேகத்தோடு கேட்டார். அது அவர்தான்.

"சிமெண்டு."

"அடிப்பாவி!"

சிரிப்பு அடங்கும் முன்பே இரண்டு பேர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். நல்லதுதானே? யார் வேலைக்கு, யார் மாலைக்கு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். முனியாண்டி அண்ணன் லயம் லயமாக அழைத்துப் போய் இடத்தைக் காட்டினார். சின்னையா அண்ணன் குறுக்கே பேசவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதிகாரி "போலே" என்றார். சரி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாங்கள் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின!

பிறகு கோத்தோங் ரோயோங் – ஊரே கூடி உழைப்பது. தலைவரே சட்டையைக் கழற்றிவிட்டுச் சங்குல் பிடித்து மண் வெட்டினார். நன்றியுரை சிமெண்டு குழைத்தது.

சென்ற ஞாயிறு திறப்பு விழா. புள்ளிகள் இருந்த இடத்தில் 'லயக் குழாய்கள்' என்று அச்சாகியிருந்தது. வைபி வழக்கம்போல் தாமதமாக வந்து, மேட்டு லயத்து முனையில் ரிப்பனை வெட்டி, குழாயைத் திருகினார். தண்ணீர் பாய்ந்தது!

"பாத்தியா தங்கச்சி? முதல் தண்ணி வைபி கையால!" முனியாண்டி அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

நான் அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். அவர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

விழா நாளன்றும் காலையில் பால் வெட்டு உண்டு. விடியலில் எங்கள் வாசலில் நின்றபடி நான் பார்த்தேன் – வைபி வருவதற்கு வெகு முன்பே அக்கா ரிப்பனை ஒரு விரலால் தூக்கிவிட்டு, இரண்டு வாளி நிறையப் பிடித்துக்கொண்டு போனார். பெரட்டில் முதல் ஆளாக நின்றாராம்.

மறுநாள் காலைக்குத்தானே திட்டம் போட்டோம்? அக்கா அதை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டார்!