முழங்கையைக் கடிப்பதற்கு இங்கிலீஷில் என்ன?

ரஷ்யாக்காரர் ஒருத்தர் “என் காதுல நூடுல்ஸ் தொங்கவிடாதீங்க” என்று சொன்னால் பசியில் உளறுகிறார் என்று நினைக்கக் கூடாது. நாம் காதுல பூ சுத்துறது என்கிறோமே, அதேதான். அவங்களுக்கு நூடுல்ஸ், நமக்குப் பூ. நடுவில் இந்த இங்கிலீஷுக்குத்தான் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது. கிடைக்காததைத் தேடிக் கொடுப்பதற்குத்தான் மொழிபெயர்ப்பாளரான எனக்குச் சம்பளம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருப்படி அடிக்கிற ஒரு கம்பெனி ரஷ்யாவிலிருந்து எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற பெரிய ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை இறக்கியிருந்தது. அதை மாட்டி, ஓட்டிக் காட்ட ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். நரைத்த மீசை, பெரிய உடம்பு, ரஷ்யனைத் தவிர ஒரு வார்த்தை வராது. நான் திருவள்ளூரில் காலை ரயில் பிடித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிப் போவேன். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக மெட்ராஸைத் தொட்டுவிட்டுப் போகிற கூத்து எங்களுக்குத்தான் வாய்த்தது.

முதல் வாரமே பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “மேடம், கரடி காதை மிதிச்சுது, ஈயை யானை ஆக்காதேன்னு இதெல்லாம் மீட்டிங் மினிட்ஸ்ல வருது. எம்.டி. படிப்பாரு. நாச்சுரல் இங்கிலீஷா குடுங்க” என்றார். அடேயப்பா, சொல்கிறது யார் பாருங்கள்! மனுஷன் அனுப்புகிற மெயில் எல்லாம் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடியும். பாத்ரூம் பைப் ஒழுகினாலும் அதே நீட்ஃபுல்தான். இவர் எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறார்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நோட்டுப் போட்டு, ரயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வருவேன். கரடி காதை மிதித்தவன் என்றால் பாட்டு வராதவன். ஈ யானையாகிறது என்றால், இங்கிலீஷ்காரனுக்கு எலி தோண்டின மண் மலையாக வேண்டும். இப்படி ஒன்று பொருந்திவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியாது. என்னைவிட்டால் ஆளே இல்லை என்று ஒரு திமிர்.

பிரஸ்ஸை ஓட்டப்போகிற ஆபரேட்டர் எளாவூர்ப் பக்கத்து ஆள். ஆறு வருஷமாக பர்மனென்ட். இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டில் இவர் ஒருத்தர் சம்பளம்தான். அவருக்கும் இன்ஜினியருக்கும் நான் தேவைப்படவே இல்லை. இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் விரலை ஆட்டினால் இன்னொருத்தர் வால்வைத் திருப்புவார். பத்து நாளில் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மீட்டிங். வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் பூஜை போட்டு மிஷினை ஓட்டிவிட வேண்டும் என்று எம்.டி. வீட்டு ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். எண்ணெயைச் சுத்தம் செய்கிற ஃபில்டரோ இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் மேஜையைத் தட்டினார். “ஓட்டாதீங்க. எண்ணெயில தூசு இருக்கு. வால்வு அடைச்சா குழாய் வெடிக்கும். அப்புறம் உங்க முழங்கையை நீங்களே கடிச்சுப்பீங்க.”

முழங்கை பக்கத்திலேதான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு எட்டாது. காரியம் கைமீறிப் போனபிறகு ஐயோ என்று துடிக்கிறார்களே, அந்தத் துடிப்புக்கு ரஷ்யாக்காரர்கள் வைத்திருக்கிற பேர் அது. நான் உடனே, உங்களை நீங்களே உதைத்துக்கொள்வீர்கள் என்று இங்கிலீஷில் அழகாகச் சொன்னேன். மேனேஜருக்கு முகம் சுருங்கிப்போனது. மீட்டிங் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “உதைக்கிறது, வெடிக்கிறதுன்னு எம்.டி. பார்க்கிற பேப்பர்ல போடுவீங்களா? ஓட்டாதேன்னு ஆர்டர் போட இவரு யாரு? கொஞ்சம் டீசன்ட்டா மாத்துங்க” என்றார்.

மாற்றினேன். ‘ஃபில்டர் விஷயம் பிற்பாடு பரிசீலிக்கப்படலாம்.’ அவ்வளவுதான் மிச்சம். முழங்கையும் இல்லை, குழாயும் இல்லை, ஓட்டாதே என்பதும் இல்லை. வழவழா கொழகொழா என்று ஒரு வரி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இங்கிலீஷ் வரி எவ்வளவு நாச்சுரலாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாத அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அவரைக் காரில் ஏற்றி மகாபலிபுரம் பார்க்க அனுப்பிவிட்டார்கள். கூட நானும் போனேன். எதற்கு அந்த நாளில் அனுப்புகிறார்கள் என்று புரியாத அளவுக்கு நான் ஒன்றும் மக்கு இல்லை. சங்குக் கடையில் அவருக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எம்.டி. கையால் பட்டனை அமுக்கி, எல்லாரும் கைதட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் குழாய் வெடித்திருக்கிறது. கொதிக்கிற எண்ணெய் ஆபரேட்டர் கழுத்திலும் தோளிலும் அடித்துவிட்டது. மாலை போட்டுக்கொண்டு நின்ற ஒருத்தர் மேலும் ஒரு சொட்டு படவில்லை.

ஆபரேட்டர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே நோட்டீஸ் வந்துவிட்டது. அழுத்தத்தைத் தப்பாக ஏற்றினாராம், கம்பெனிக்கு நஷ்டமாம், ஏன் வேலையை விட்டு எடுக்கக் கூடாதாம். கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற மனுஷனிடம் ஏழு நாளில் பதில் கேட்கிறார்கள். த்தூ! இதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? என் மினிட்ஸ். ‘வெளிநாட்டு நிபுணரே ஃபில்டரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார், ஆகவே மிஷினில் கோளாறு இல்லை, ஆள்மேல்தான் தப்பு.’ இன்ஜினியர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பலிகடாவைப் பிடித்து, என் இங்கிலீஷைக் கயிறாகத் திரித்துக் கட்டியிருந்தார்கள்.

கம்பெனி வைத்த விசாரணையை நடத்த, திருவள்ளூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிற வக்கீல் ஒருத்தர் வந்திருந்தார்; எதிரே ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். புதன்கிழமை இன்ஜினியர் சொன்னதை அதில் எழுதியிருந்தபடியே ரஷ்யனில் படித்தேன், இங்கிலீஷில் சொன்னேன், வக்கீல் தமிழில் கேட்டதால் தமிழிலும் சொன்னேன். மேனேஜர் “மேடம் எமோஷனல் ஆகுறாங்க” என்று சிரித்தார். ஆமாம் சார், நீங்க ஆகமாட்டீங்க, உங்க கழுத்து நல்லா இருக்கு என்றேன்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். “அப்போ இந்த மினிட்ஸ் யார் எழுதினது?”

“நான்தான்.”

“தப்புன்னு தெரிஞ்சே?”

“மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன்.”

அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். வேலையை விட்டு எடுக்கிற பேச்சு அத்தோடு நின்றது. ஆபரேட்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து ஊத்தி மூடிவிட்டார்கள். நாளையிலிருந்து நான் வரத் தேவையில்லை என்று எனக்கும் சொல்லிவிட்டார்கள், கைண்ட்லி போட்டுத்தான்.

வெளியே ஆஜர் போடுகிற டைம் ஆபீஸ் பக்கம் ஆபரேட்டர் நின்றிருந்தார். கழுத்தில் தோல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, பரவாயில்லப்பா என்று சொல்லத் தயாராக நின்றேன்.

“வேல போகாம பண்ணிட்டீங்க மேடம், அது சரி” என்றார். குரலில் கோபமே இல்லை. “ஆனா அந்த புதன்கெழம மீட்டிங் முடிச்சிக்கினு என் மிஷினாண்டதான் வந்து நின்னீங்க. நல்லா ஞாபகம் கீது. வெள்ளிக்கெழம மகாபலிபுரம் போறோம்னு சொன்னீங்க. அவுரு ஓட்டாதன்னு சொன்னத அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொன்னீங்களே, மிஷினாண்ட நிக்கப்போறவன் நானு. எனக்குத் தமிழ்ல ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?”

சட்டைக் காலரை மெதுவாகத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்.