அழகமலை எடுத்த இரண்டு பம்புகள்

பெரகலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வளைந்து வளைந்து ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே ஆபீஸில் சின்னக் கிளாக்கராக இருந்த காலத்தில், அந்த மலையில் தண்ணீருக்குப் பொறுப்பு அழகமலை. ஊற்றுத் தண்ணீர் பெரிய தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து பங்களாவுக்கு ஒரு குழாய், பெக்டரிக்கு ஒன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஒன்று. மூன்றுக்கும் வால்வு உண்டு. வால்வைத் திருப்பும் நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடப்பார். ஐம்பது வயதிருக்கும். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். சந்தோஷமா, கோபமா, அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய மகள், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் புருஷன் வீட்டாரோடு போனவள். அவளை வழியனுப்ப அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் புறப்பட்டவர், பாதி வழியில் குழாய் வெடித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் திரும்பிவிட்டார். குழாயைக் கட்டி முடித்தபோது ரயில் போய்விட்டிருந்தது. இதை அவர் எனக்குச் சொன்னபோது, எந்த இடத்தில் வெடித்தது, எந்தப் பக்கம் மண்ணைத் தோண்டினார் என்பதைத்தான் விவரமாகச் சொன்னார்.

வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த எழுபத்தொன்பதாம் வருடம், தோட்டத்தை நடத்தும் துரையின் மைத்துனர் பெட்டி பெட்டியாக ஒரு நீச்சல் தொட்டியை அனுப்பி வைத்தார். நிலத்தைத் தோண்ட வேண்டியதில்லை. பங்களாவுக்கு முன்னால் புல்லின் மேல் தகரத்தை வட்டமாக நிறுத்தி, உள்ளே நீலப் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீரை விட்டால் போதும். ஆளின் நெஞ்சளவு உயரம். ஏறி இறங்க ஏணி. கொழும்பில் படிக்கும் துரையின் பிள்ளைகள் வார முடிவில் வந்து குளிப்பார்கள்.

அதோடு வந்த பம்பு வேறு நாட்டுக் கரண்டுக்குச் செய்தது. போட்ட அன்றைக்கே புகைந்துவிட்டது. பம்பு ஓடினால்தான் தொட்டித் தண்ணீர் பில்டருக்குள் போய் அழுக்கை விட்டுவிட்டு மறுபடியும் தொட்டிக்கு வரும். ஓடாவிட்டால் ஒரு வாரத்தில் பச்சை. துரையின் மனைவி துரைசாணி பச்சைத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் தொட்டியைக் காலி பண்ணிப் புதிதாக நிரப்ப வேண்டும். லயத்து வால்வை மூடினால்தான் அவ்வளவு தண்ணீர் சேரும்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை உரக்கச் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானத்துல இருந்து ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற மட்டும் லயத்துக்குத் தண்ணி வராது. துரை உத்தரவு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். துணி துவைக்க, தலை முழுக, பிள்ளைகளைக் குளிப்பாட்ட அந்த ஒரு நாள்தான். இனி அதற்குப் பள்ளத்தில் இருக்கும் ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு ஏற வேண்டும்.

வால்வை மூடுகிறவர் அழகமலை. அவருடைய வீடும் அந்த லயத்தில்தான் இருந்தது.

பெரிய கிளாக்கர் கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒரு நாள் அழகமலையை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"துரை பம்ப் ஒண்டு வாங்கச் சொல்லிப்போட்டார். எனக்கு உந்தப் பம்ப், கிம்ப் ஒண்டும் விளங்காது. தண்ணி விஷயம் உனக்குத்தான் தெரியும். பதுளைக்குப் போய் நீயே பார்த்து எடுத்துக்கொண்டு வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு போ."

தம்பி என்றது என்னை.

"சரிங்க."

புறப்படும் காலையில் அவர் மனைவி சிகப்பாயி லயத்து வாசலில் நின்று சொன்னாள்: "நல்லதாப் பாத்து எடுங்க. அது ஓடுனாத்தான் நமக்குத் தண்ணி. யாரோ துரைக்குன்னு நெனச்சுக்கிட்டு எடுத்துட்டு வந்துறாதீங்க."

பதுளைக் கடைத்தெருவில் தாஸிம் முதலாளியின் கடை. மண்வெட்டி, வாளி, கம்பிச்சுருள், பம்பு என்று எல்லாம் இருக்கும். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்கள் பம்பு வாங்க வருவது அங்கேதான். கடைக்குப் பின்னால் முற்றத்தில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். பம்பை அதில் மாட்டி ஓட்டிக் காட்டித்தான் விற்பார்.

"வாங்கண்ணே. என்ன பம்பு வேணும்?"

"துரை பங்களாத் தொட்டிக்கு. பில்டர்ல மாட்டுறதுங்க."

"பில்டரா? அத நான் இன்னும் கண்ணால காணல்ல. தண்ணிய மேல ஏத்தணுமா, சும்மா எறைச்சாப் போதுமா?"

அழகமலை கொஞ்சம் யோசித்தார். "பங்களா உச்சியில இருக்குங்க."

முதலாளி இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று குட்டையாக, வாய் அகலமாக இருந்தது. பீப்பாயில் மாட்டி, குழாயை நேராகப் பிடித்து ஓட்டியபோது தண்ணீர் பருமனாக வந்து, இடுப்பு உயரத்திலேயே வளைந்து விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற தோட்டக்காரர்களில் ஒருவர் சிரித்தார்.

"மொதலாளி, இது எங்க வாப்பா விடியக்காலையில எழும்பி ஒண்ணுக்குப் போறாப்போல இரிக்கு!"

"ஹுமைத், வாய மூடும். வியாபாரம் நடக்கிது."

மற்றது ஒல்லியாக, வாய் சின்னதாக இருந்தது. அதை ஓட்டினார்கள். தண்ணீர் கம்பி போல எழுந்து, கடையின் தகரக் கூரையைத் தாண்டி, அடுத்த வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. அங்கே ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஹுமைத், "இத எடுங்கண்ணே. இது மலையையே தூக்கும்" என்றார்.

மலையில் பிறந்தவர்களுக்குப் பம்பு என்றால் எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதுதான் கேள்வி. வேறு கேள்வி கிடையாது. ஆறு கீழே, ஆள் மேலே. அழகமலையும் கூரைக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். தொட்டியிலிருந்து எடுத்து அதே தொட்டிக்குள் விடுவதற்கு ஓரடி உயரமும் தேவையில்லை என்று அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒல்லிப் பம்பைச் சாக்கில் சுற்றி பஸ்ஸின் கூரையில் ஏற்றினோம்.

சனிக்கிழமை காலை துரையும் பிள்ளைகளும் நிற்க, அழகமலை அதை மாட்டினார். பம்பு சீறியது. பில்டர் என்பது ஒரு பிளாஸ்டிக் குடுவை. அதற்குள் மடிப்பு மடிப்பாகத் தாள். கொஞ்ச நேரம்தான். குடுவையின் மூடி பிய்த்துக்கொண்டு பறந்து ரோஜாப் பாத்தியில் விழுந்தது. உள்ளே இருந்த தாள், தேத்தண்ணியில் ஊறிய பாண் ரொட்டியைப் போலக் கிழிந்து தொங்கியது. பிள்ளைகள் இது வேடிக்கைக்கு நடந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். துரை அழகமலையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"சரிங்க" என்றார் அழகமலை. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு லயத்து வால்வை மூடப் போனார். அன்றைக்குச் சனிக்கிழமை.

லயத்தில் குழாய்த் தண்ணீர் கொட்டும் பீலியடிக்குச் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. ராக்கம்மா வாயுள்ளவள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்னண்ணே, ஒங்க பம்பு வானத்துக்கே தண்ணி அடிக்குமாமே? அப்பிடியே ரெண்டு மழைய நம்ம லயத்துப் பக்கமும் திருப்பி விடுங்களேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிகப்பாயியும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றுப் பாதையில் இறங்கினாள்.

அது மழையில்லாமல் காற்றடிக்கும் மாதம். ஊற்று மெலிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பெண்கள் வரிசையாக இறங்கி, வரிசையாக ஏறினார்கள். ஒரு தடவை சிகப்பாயி குடத்தோடு விழுந்தாள். முழங்கையில் தோல் போய்விட்டது. அழகமலை மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டாராம். "வேற என்ன சொன்னாரு?" என்று ராக்கம்மா கேட்டதற்கு, "கொடம் நசுங்கிருச்சான்னு கேட்டாரு" என்றாளாம் சிகப்பாயி. இதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. திட்டுவதும் நின்றுவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைப்பது, ஞாயிறு விடிந்ததும் ஆற்றுக்குப் போவது என்று பழகிவிட்டது. பழகிய பிறகு அதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது?

தாஸிம் முதலாளி கொழும்புக்குப் போனபோது பில்டரோடு சேர்ந்த பம்புகள் இரண்டு எடுத்து வந்திருப்பதாகத் தகவல் வந்தது. மறுபடியும் நாங்கள் இருவரும் போனோம்.

இந்தத் தடவை முதலாளி விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். "அண்ணே, அன்னைக்கு ரெண்டு பேருமே பிழை செஞ்சிட்டோம். பில்டருக்கு வேகம் கூடாதாம். பையப் பைய, ஆனா நெறையத் தண்ணி ஓடணுமாம். இந்தா பாருங்க. இது மணல் பில்டர், பெரிய குடம் மாதிரி. உள்ளுக்கு மணல் போடணும். இது தாள் பில்டர். ரெண்டுக்கும் பம்பு கூடவே இரிக்கு."

"மணல்ல அழுக்கு சேந்தா?"

"தண்ணிய மறுபக்கமாத் திருப்பி விட்டுக் கழுவணும். அந்தத் தண்ணி வெளிய போயிரும்."

"எவ்வளவு போகும்?"

"கொஞ்சம் போகும்தான். பீப்பாய்க் கணக்கில போகும்."

"தாளு?"

"கழட்டி ஒரு வாளித் தண்ணியில அலசினாப் போதும். ஆனா அண்ணே, தாள் கிழியும். மணல்தான் உழைக்கும். துரைமார் வீட்டுக்கு மணல்தான் சரி."

அழகமலை தாள் பில்டரின் பம்பைப் பீப்பாயில் மாட்டச் சொன்னார். ஓடியதும் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தண்ணீர் கையைத் தள்ளவில்லை. விரல்களுக்கு நடுவே அமைதியாக வழிந்தது. நெடுநேரம் கையை அப்படியே வைத்திருந்தார்.

"இது போதுங்க."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா நான் வந்து வாங்கிட்டுப் போறேன்."

அது ஓடியது. சத்தம்கூட இல்லை, பக்கத்தில் போனால் ஒரு முனகல். வாரம் போய், மறுவாரமும் போய், தொட்டித் தண்ணீர் அடி தெரியக் கிடந்தது. சவுக்கு இலை விழுந்தால் அதை மட்டும் எடுத்துப் போட்டால் போதும். காலி பண்ண வேண்டியதில்லை, நிரப்ப வேண்டியதில்லை. துரைசாணி சந்தோஷப்பட்டதாகச் சமையல்காரன் சொன்னான்.

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் அழகமலை சாவியோடு போய் லயத்து வால்வை மூடினார். அடுத்த சனிக்கிழமையும் மூடினார். பெரட்டில் சொன்ன உத்தரவு. அதை மாற்றி இன்னொரு பெரட்டில் யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் உத்தரவு தானாகச் சாகாது. ஞாயிறு முழுவதும் பெரிய தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் வடிகால் கானில் விழுந்து ஓடியது. கீழே ஆற்றில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஐயா, பங்களாவுக்கு இப்பத் தண்ணி தேவையில்லீங்க. சனிக்கெழம வால்வ மூடணுங்களா?"

கனகசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "துரை திறக்கச் சொன்னவரோ?"

"இல்லீங்க."

"பேந்தென்ன? நான் போய்க் கேட்டால், அப்ப இவ்வளவு நாளும் ஏன் மூடினியள் எண்டு என்னைத்தான் கேட்பார். பிறகு உனக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். துரை தானாய்ச் சொல்லட்டும், விடு."

"சரிங்க."

துரை சொல்லவில்லை. லயத்து வால்வு மூடியிருக்கிறது என்பதே அவருக்கு மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாரி தொடங்கும் வரை அப்படியே போயிற்று.

பிறகு ஒரு சனிக்கிழமை அழகமலை வால்வடிக்குப் போகவில்லை. அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. பெக்டரிக் குழாயில் ஒரு கசிவைக் கட்டினார், சாவியைக் கொண்டுபோய் வீட்டு மூலையில் சாத்தினார், படுத்துவிட்டார்.

ஞாயிறு காலை நான் லயத்துப் பக்கமாகக் கடைக்கு நடந்தேன். பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் இல்லை. எல்லோரும் விடியலிலேயே ஆற்றுக்குப் போய்விட்டார்கள். அழகமலை மட்டும் தன் வாசலில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிகப்பாயிதான் முதலில் ஏறி வந்தாள். தலையில் ஈரத்துணி, இடுப்பில் குடம். தண்ணீர் கொட்டுவதைக் கண்டதும் நின்றாள்.

"என்னாங்க இது? மூட மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

அவள் பங்களாப் பக்கம் பார்த்தாள். பிறகு ஆற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீரைக் கொய்யா மரத்தடியில் ஊற்றிவிட்டு, குடத்தைப் பீலியின் கீழ் வைத்தாள். சத்தம் வராமல் இருக்கக் குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். வந்தவர்கள் கேட்கவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். குடத்துக்குக் குடம் சண்டை நடக்கிற அந்த இடத்தில் அன்றைக்கு ஒரு பேச்சும் இல்லை. பிள்ளைகளைக்கூட உள்ளே விரட்டிவிட்டார்கள்.

ராக்கம்மாவின் முறை வந்தது. குடம் பாதி நிரம்பியபோது வாசலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணே, துரை சொன்னாங்களா?"

"இல்ல."

அவள் குடத்தைச் சட்டென்று இழுத்தாள். தண்ணீர் கல்லில் விழுந்து அவள் காலில் தெறித்தது. பின்னால் நின்றவர்கள் அசையவில்லை. ராக்கம்மா பங்களாப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குடத்தை மறுபடியும் பீலிக்கு நேராக வைத்தாள்.